வாசல் கதவில் ஒட்டிய தாள்

காஜா பெராங்கில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பலகை வீடு. முன்பாதியில் ஒருவனைக் குடிவைத்திருந்தோம். பின்பாதியில் நானும் என் கணவரும் இருந்தோம். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் நான் பசியைச் சொல்வேன், மரவள்ளிக்கிழங்கைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் குடித்தனக்காரன்தான். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. குடும்பத் தலைவர் யார், உள்ளே இருப்பவர்கள் யார் யார் என்று எழுதிய தாளை ஒவ்வொரு வீட்டு வாசல் கதவிலும் ஒட்டியாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆண்களைப் பிடித்துப் போனார்கள். குடித்தனக்காரன் ஜப்பான்காரன் கிடங்கில் லாரி ஓட்டினான்; அவனைத் தொட மாட்டார்கள். என் கணவருக்கோ தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. அதனால் குடித்தனக்காரனைக் குடும்பத் தலைவனாகவும், என்னை அவன் அக்காவாகவும் எழுதினோம். என் கணவர் பெயரே தாளில் இல்லை. யோசனை என்னுடையது, அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

முதல் மாதம் அக்கா அக்கா என்று குழைந்தான். அப்புறம் விறகில்லை என்று நடுச்சுவர்ப் பலகையைப் பெயர்த்து அடுப்பில் வைத்தான். நான் நட்ட கிழங்கைப் பிடுங்கித் தின்றான். கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி விற்றான். வீட்டைக் காலி செய்துவிடு என்று சொன்னேன். அவன் பல் குத்துவதைக்கூட நிறுத்தவில்லை.

"தாளப் படிச்சுப் பாருங்கக்கா. வீடு யார் பேருல இருக்கு?"

தெருப் பொறுப்பாளியிடம் புகார் செய்தால் பின்னறையில் ஓர் ஆண் ஒளிந்திருப்பது வெளியே வந்துவிடும். அது தெரிந்துதான் அவன் அத்தனை ஆட்டம் போட்டான். என் கணவர் சொந்த வீட்டில் இருமலைத் துணியால் அடக்கிக்கொண்டு கிடந்தார். முன்னறையில் அந்தப் பாவி சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தான்.

கடைசியில், பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து தன் மச்சான் குடும்பத்தை அழைத்து வரப்போவதாகச் சொன்னான். பின்னறையை ஒழித்துத் தராவிட்டால் கிடங்கு அதிகாரியிடம் ஒரு வார்த்தை போதும் என்றான். நான் பாராங் கத்தியை எடுத்துவிட்டேன். என் கணவர்தான் கையைப் பிடித்தார். மறுநாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பண்டார் ஹிலிரில் அந்தத் தாளைப் பதிந்து கொடுக்கும் அலுவலகத்துக்குக் கிளம்பினார். போகாதீர்கள் என்று வழியை மறித்தேன்.

"இவன் என்னைக்கிருந்தாலும் காட்டிக் குடுப்பான். நான் போறது போறதுதான். வீட்டையாவது உன் கையில குடுத்துட்டுப் போறேன்."

சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்ததாகச் சொல்லி, அவனுக்குப் பதிலாகத் தன்னையே குடும்பத் தலைவராக எழுதிக்கொண்டு வந்தார். புதுத் தாளை அவரே ஒட்டினார். பத்தே நாளில் ஆட்கள் வந்து அவரை ரயில் பாதை வேலைக்குக் கூட்டிப்போனார்கள்.

அன்று மாலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். குடித்தனக்காரன் பக்கத்தில் வந்து நின்றான். ஆறுதல் சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, பின்னறை இப்பக் காலிதானே?"

இனி என்னை மிரட்ட அவனிடம் எதுவும் இல்லை. உள்ளே போய் அவன் பாய், பானை, பெட்டி எல்லாவற்றையும் நடுத்தெருவில் எறிந்தேன். தடுக்க வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டான். இருட்டுவதற்குள் வீடு முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. அவர்தான் சயாமிலிருந்து திரும்பவில்லை.