முனியாண்டி முன்னால் நின்றுபோன கார்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். போன ஞாயிறு நியாலாஸிலிருந்து அலோர் காஜா போய்வந்ததை எழுதுகிறேன். வழி முப்பத்தைந்து கிலோமீட்டருக்குப் பக்கம்.

காலை 9.50. மகன் மணியம் தன் பழைய காரை எடுத்தான். அலோர் காஜாவில் பேத்தி கவிதாவுக்கு வளைகாப்பு. எட்டு வருஷம் காத்திருந்து தரித்த பிள்ளை. வளையல் எல்லாம் என் மடியில். மல்லிகைச் சரம் ஐஸ் பெட்டியில். பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் முதல் வளையலை நான் போட வேண்டும்.

10.25. செலாண்டார் தாண்டி, செம்பனைத் தோட்டத்து முனையில் முனியாண்டி கோவில். எங்கள் வீட்டு வண்டி எதுவும் அங்கே நிற்காமல் போனதில்லை. எஞ்சினை அணைத்தோம், தேங்காய் உடைத்தோம், கற்பூரம் காட்டினோம். தேங்காய் மூன்று வெள்ளி ஐம்பது காசு. வந்து சாவியைத் திருப்பினால், உர் உர் என்று சுற்றியதே தவிர பிடிக்கவில்லை.

"இன்னிக்குமாம்மா?" என்றான் மணியம்.

இது நான்காவது தடவை. வேறெங்கும் மக்கர் பண்ணாது, இங்கே மட்டும்தான். முன்பெல்லாம் சுருட்டு வைத்து, சேவல் நேர்ந்துகொண்டு காத்திருப்போம். ஒரு மணி நேரத்தில் சாமி மனமிறங்கி விட்டுவிடும். இன்றைக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது? சாமிக்கு எங்கள் மேல் என்ன கோபம்? அது கவிதா வயிற்றுப் பிள்ளைமேல் திரும்பிவிடுமோ என்று பயந்தேன்.

10.50. ஒரு வேன் நின்றது. இறங்கியவர் ஜமால், அலோர் காஜாவில் கார் பட்டறை வைத்திருக்கிறாராம். நாற்பது வயதிருக்கும்.

"ஏன் பாட்டி வெயில்ல நிக்கிறீங்க?"

"சாமி கோவம் தம்பி."

அவர் சிரிக்கவில்லை. காரைத் தொடவுமில்லை. மணியத்திடம் கேள்விதான் கேட்டார்.

"காலைல வீட்டுல ஒழுங்கா எடுக்குதாண்ணே?"

"ஒரே திருப்புதான்."

"எண்ணெய் போடுறப்ப?"

"பெட்ரோல் ஸ்டேஷன் வீட்டுக்கு எதுத்தாப்புலயே இருக்கு. வேலைக்கு நடந்தே போயிருவேன்."

"அலோர் காஜா போனா?"

"சாயங்காலம்தான் திரும்புவேன்."

"அதுக்குள்ள ஆறிடும். அப்ப எஞ்சின் நல்லா சூடான பிறகு ஆஃப் பண்ணி, உடனே ஸ்டார்ட் பண்ற எடம் இது ஒண்ணுதான் லா!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிள்ளை அழுதால் எந்த நேரத்தில் அழுகிறது என்றுதானே முதலில் பார்ப்பேன்? ஏழு பேரை அப்படி வளர்த்தவளுக்கு இந்தக் காரிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லையே.

அப்புறம்தான் பானெட்டைத் திறந்தார். சாவியைப் போடச் சொல்லிக் காதைத் தீட்டினார். பெட்ரோல் பம்பு முனகியது; அப்படியென்றால் அது ஓடுகிறதாம். பிளக்கைக் கழற்றி, சாவியைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். நெருப்புப் பொறி வரவில்லை. எஞ்சின் இடுக்கில் என் கட்டைவிரல் அளவு ஒரு பொருளைக் காட்டினார்.

"இந்த சென்சார்தான் பொறிக்கு உத்தரவு கொடுக்கணும். சூடு பட்டா மயங்கிருது போல. ஐஸ் இருக்கா?"

பூப்பெட்டியை நீட்டினேன்.

"பூ வாடிரும் பாட்டி."

"வாடட்டும். பேத்தி மொகம் வாடக் கூடாது."

ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அதன்மேல் வைத்தார். பத்து நிமிஷம் போனது. மணியம் திருப்பினான். பிடித்துக்கொண்டது! மயங்கினவர் கண் திறந்தது போலிருந்தது. நான் கோவிலைப் பார்த்தும் கும்பிட்டேன், ஜமாலைப் பார்த்தும் கும்பிட்டேன்.

"என்னைக் கும்பிடாதீங்க பாட்டி. விசேஷ வீடு போற வரைக்கும் அணைக்காம ஓட்டச் சொல்லுங்க."

11.40க்குச் சேர்ந்தோம். எமகண்டத்துக்கு முன் வளையல் கவிதா கையில் ஏறியது. மணியம் சொன்ன முகவரிக்கு, விருந்து முடிவதற்குள் ஜமால் வந்து சென்சாரை மாற்றிக் கொடுத்தார். கூலியோடு நூற்றிருபது வெள்ளி. பிரியாணி கட்டிக் கொடுத்தேன்.

மாலை 6.40. திரும்பும் வழியில் அதே கோவில்.

"நிறுத்துடா. எஞ்சினை அணை" என்றேன்.

மணியம் என்னைப் பார்த்தான்; அணைத்தான். இறங்கி நின்று, "நாலு தடவை உன்மேல பழி போட்டுட்டேன், பொறுத்துக்க சாமி" என்றேன். ஏறினேன். ஒரே திருப்புதான், பிடித்துக்கொண்டது.

கவிதா, கண்ணு, இதை ஒரு தடவை வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழையெல்லாம் இருக்கட்டும். சாமிக்கு நம்மேல் கோபமே இல்லை. அதை மட்டும் சத்தமாக வாசி. உள்ளே இருக்கிற ஆளுக்கும் கேட்கட்டும்.