அலுமாரியில் இருந்த ஸ்பனர் பெட்டி

உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு இப்படிச் சொல்கிறது: பயிற்சி நிறைவடையும் நாளிலேயே உபகரணப் பெட்டி பயிலுநரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். பிழையில்லாத வசனம். தமிழ் வரைபைத் திருத்திக் கொடுத்தது நான்தான்.

பிரதேச செயலகத்திலிருந்து ஓய்வு பெற்று முள்ளியவளையில் இருந்த என்னை, புதுக்குடியிருப்பில் ஒரு பயிற்சி நிலையம் ஆலோசகராக்கியது. கொழும்புக் கம்பனியொன்றின் சமூகப் பொறுப்பு நிதியில், வள்ள எஞ்சின் திருத்தும் பயிற்சி; அதற்கு நிலையமும் கம்பனியும் செய்த உடன்படிக்கைதான் அது. தொடக்க விழாவிலேயே எல்லோர் கையிலும் ஸ்பனர் பெட்டியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கம்பனிப் பெரியவர் இன்னொருமுறை இவ்வளவு தூரம் வரமாட்டாராம். அதனால் முடிவு விழாப் படமும் அன்றைக்கே. படம் எடுத்ததும் பெட்டிகளைத் திருப்பி வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். யாருக்கும் அது புதினமாகத் தெரியவில்லை. நானும் கைதட்டினேன்.

பயிற்சி முடிந்த அன்று மற்றவர்கள் சான்றிதழோடு போய்விட்டார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் நின்றாள். கணவனுக்கு முதுகு ஏலாது, கடலுக்குப் போவதில்லை.

“பெட்டியைத் தாங்கோ. வள்ளங்கள் கடலில இறங்கீட்டுது. இந்தச் சீசனுக்குள்ள நாலு எஞ்சின் திருத்திக் காட்டினாத்தான் ஆக்கள் என்னை நம்புவினம்.”

“கம்பனி ஓடர் இல்லாமல் அலுமாரி திறக்கேலாதக்கா,” என்றான் நிலைய முகாமையாளர் தம்பி. “ஐயா எழுதுவார்.”

கம்பனிக்கு எழுதினேன். பிரிவைச் சுட்டி, பிரதி இணைத்து, பதிவுத் தபாலில். பிறகு நினைவூட்டல். பிறகு அந்த நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல்.

ஒரு கடிதத்துக்கு அவளிடம் கையெழுத்து வாங்கக் கரைக்குப் போனேன். இரவல் ஸ்பனர் ஒன்றோடு ஒரு எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்தாள். அளவு சரிவரவில்லை. வள்ளக்காரர் சிரித்தார்.

“பெட்டியில்லாத மெக்கானிக்கோ? கத்தியில்லாத டாக்குத்தர் மாதிரியெல்லோ!”

“சிரியுங்கோ மாமா. பெட்டி வரட்டும், முதல் உங்கட எஞ்சினைத்தான் கழட்டுவன்.”

“கழட்டுவாய். திருப்பிப் பூட்டுவியோ?”

அவளும் சிரித்தாள். கையெழுத்து வைத்தபின் என்னிடம் கேட்டாள்: “ஐயா, வாடைக்காத்து எழும்ப முதல் பெட்டி வந்திடுமோ?”

“வரும் பிள்ளை,” என்றேன், செயலகக் கந்தோரில் வேலை பார்த்த காலமெல்லாம் சொன்ன அதே குரலில்.

வாடை எழும்பிக் கடல் குழம்பியது. வள்ளங்களைக் கரைக்கு இழுத்தார்கள். அவள் விடியற்காலை கார்மன்ட்ஸ் பஸ்ஸில் தையல் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகுதான் பதில். மரியாதையான கடிதம். பெட்டிகள் தொடக்க விழாவிலேயே ஒப்படைக்கப்பட்டுவிட்டன. மேலதிகப் பெட்டிகளுக்கு நிதி ஒதுக்க இயலாது. ஆதாரத்துக்குப் படமும் இணைத்திருந்தார்கள். முன்வரிசையில் அவள், பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி. ஆக, கம்பனியின் பதிவில் பெட்டி அவளிடம் இருக்கிறது. அலுமாரியில் இருப்பதைப் பற்றி எந்தப் பதிவும் இல்லை. பதிவில் இல்லாத பொருளை விடுவிக்க உடன்படிக்கையில் ஒரு பிரிவும் இல்லை; நான் இரண்டுமுறை வாசித்துப் பார்த்தேன்.

பழக்கத்தில், கடிதத்தின் மேல்மூலையில் கிடைத்த திகதியைக் குறித்தேன்: நவம்பர் 2.