குழாய்க்கு மீட்டர் பூட்டிய மாதம்

மீட்டர் பூட்டிய அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: நான், என் மாமியார், விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் வேலைக்குப் போகாமல் லீவு போட்டுவிட்டு நின்ற என் வீட்டுக்காரர், எங்களிடம் மாதச் சாப்பாடு சாப்பிட்ட மூன்று பேரில் ஒருவரான கோர்ட்டு குமாஸ்தா, தண்ணீருக்குக் குடத்தோடு வந்த எதிர்வீட்டம்மா, அப்புறம் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்திருந்த குழாய் பிட்டர். வேறு ஒருவரும் இல்லை. இதை இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம், பின்னால் தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்று சண்டை வந்தபோது, இந்த ஆறு பேரையும் நான் மனதுக்குள் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டேன். என்னையும் சேர்த்துத்தான்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். இரண்டாவது உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. கிணறு வீட்டிலேயே இருந்தது, ஆனால் அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. குழாய் வந்த பிறகுதான் மாமியார் துணிந்து மூன்று பேருக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தார். அந்த மூன்று பேர் கொடுத்த பணத்தில்தான் வீட்டு வாடகை போயிற்று. குழாய் நின்றால் சாம்பார் நிற்கும், சாம்பார் நின்றால் வாடகை நிற்கும். எனக்கு வேறு கணக்கு வராது, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். இந்த ஒரு கணக்கு மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அதுவரை மாதம் ஒரு ரூபாய் கட்டினால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். மீட்டர் வந்ததும் அது மாறியது.

"இந்த முள்ளு சுத்துனா தண்ணி போவுதுன்னு அர்த்தம்," என்றார் பிட்டர். "எவ்ளோ புடிக்கிறீங்களோ அவ்ளோதான் காசு."

"அப்போ கம்மியா புடிச்சா கம்மியா கட்டலாமா?" என்று மாமியார் கேட்டார்.

"ஆமாம்மா. ஒரு ரூபாய்க்கும் கீழ வரும்."

குமாஸ்தா சிரித்தார். "நல்லதாப் போச்சுங்க. இனிமேலாவது ரசம் கெட்டியா வரும்."

மாமியாருக்குக் கோபம் வரவில்லை. பத்தணா மிச்சமாகும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கோ அந்தக் கண்ணாடிக்குள் இருந்த முள்ளின் மேல் நம்பிக்கை வரவில்லை. நாம் பார்க்காத நேரத்தில் அது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த மாதம் நாங்கள் சிக்கனம் பிடித்ததுபோல் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். துணியை ஏரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பாத்திரம் தேய்க்க, குளிக்க எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். ஒருநாள் மாமியார் பருப்பையும் கிணற்றுத் தண்ணீரிலேயே போட்டுப் பார்த்தார். விறகு தீர்ந்ததே தவிர பருப்பு மசியவில்லை.

"இன்னாங்க இது, கோலி விளையாடச் சொல்றீங்களா?" என்று குமாஸ்தா பருப்பை விரலால் உருட்டிக் காட்டினார். கூடச் சாப்பிட்டுக்கொண்டிருந்த, மூன்று பேரில் இன்னொருவரான வாத்தியார் சிரிக்காமலே, அடுத்த தெருவில் ஐயர் சாப்பாட்டுக் கிளப்பில் இடம் இருப்பதாகச் சொன்னார். மறுநாள் முதல் பருப்புக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் என்று ஆயிற்று.

மாதம் முடிந்து பில் வந்தது. வீட்டுக்காரர் படித்துவிட்டுத் திரும்பவும் படித்தார். பிறகு காகிதத்தைத் திருப்பி, பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"எவ்ளோடா?"

"ஒன்பது ரூபாய் ஆறணா."

"சேசு மரி சூசை!" மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் சம்பளமே இருபத்தைந்து ரூபாய்தான். பதினைந்து நாளில் கட்டாவிட்டால் குழாயை அறுத்துவிடுவார்கள் என்று பில்லிலேயே போட்டிருந்தது.

எதிர்வீட்டம்மாவுக்குத்தான் முதல் அடி விழுந்தது. தெருக்குழாயில் கூட்டம் என்று அவர் எங்கள் குழாயில் காலையில் இரண்டு குடம் பிடிப்பது வழக்கம்.

"நான் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போற நேரம் பார்த்து எத்தினி குடம் தூக்கிக்கினு போன?" என்று மாமியார் வாசலில் நின்று கத்தினார்.

"இன்னாக்கா பேசற? ஒன்பது ரூபாய்க்குத் தண்ணி குடிக்க என் வயித்துல இன்னா ஏரி கீதா? நீயே வந்து தட்டிப் பாரு." நிஜமாகவே வயிற்றைத் தட்டிக் காட்டினார். தெருவே சிரித்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உன் குழாயை நீயே கட்டிக்கினு அழு," என்று போனவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அவர் வருவது நின்ற பிறகும் என் பயம் நிற்கவில்லை. அடுப்பு வேலை முடிந்ததும் மீட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் அதைப் பார்த்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தே வைத்திருப்போம். அடியில் ஒரு காலித் தவலை இருக்கும். தண்ணீர் விழுந்தால் அந்தச் சத்தம் அடுப்படிவரை கேட்கும், ஓடி வருவோம். தண்ணீர் வருவதற்கு முன்னால் வெகுநேரம் குழாய் உஸ்ஸென்று இரையும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

அன்றும் இரைந்தது. தவலையில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் மீட்டருக்குள் முள் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் போகும்போதுகூட அவ்வளவு வேகமாகச் சுற்றி நான் பார்த்ததில்லை.

மாமியாரின் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவர் தவலையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், திரும்பவும் தவலைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"இன்னாடி இது பேய் கணக்கா ஓடிக்கினு கீது?"

"காத்துங்க, அத்தே. காத்து ஓட்டுது."

ராத்திரி வீட்டுக்காரர் நம்பவில்லை. "உனக்கு எப்பவும் இதே பேஜாரு. காத்துக்கு எவனாவது காசு கேப்பானா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை தன் கண்ணாலேயே பார்த்தார். அன்று முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் தண்ணீர் ஆபீசில் சொல்லி ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார். குழாய் இரையும்வரை மேஸ்திரி மோர் குடித்துக்கொண்டு காத்திருந்தார். இரைந்ததும் மாமியார் மாதா படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவத்தியைக் கொளுத்திக் குழாய் வாயில் பிடித்தார். சுடர் சாய்ந்து பட்டென்று அணைந்தது. முள் சுற்றியது.

மேஸ்திரி நெடுநேரம் குனிந்து பார்த்தார். எங்களைவிட அவர்தான் அதிகம் ஆடிப்போனார் என்று எனக்குத் தோன்றியது.

"அப்போ இந்தப் பில்லை ரத்து பண்ணிடுவீங்களா?" என்றார் மாமியார்.

"மீட்டர்ல ஏறினது ஏறினதுதாம்மா. முள்ளைப் பின்னால தள்ள எனக்கு அதிகாரம் இல்ல. இனிமே தண்ணி வர்ற வரைக்கும் மூடி வெச்சிக்கங்க."

"மூடி வெச்சா தண்ணி வந்தது எப்படித் தெரியும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆபீசில் சொல்லி இரண்டு தவணையாகக் கட்ட ஏற்பாடு செய்வதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குழாயை மூடினோம். தண்ணீர் வந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. திறந்து பார்த்தால் இரைச்சல், பதறி மூடினால் இன்னொரு தவிப்பு. இரண்டு நாள் சாம்பார் இல்லாமல் மோர்க்குழம்பு வைத்தோம். மூன்றாம் நாள் வாத்தியார் சாப்பிட வரவில்லை. தெருமுனைக் குழாய்க்கு மீட்டர் கிடையாது, அது எப்போதும் திறந்தேதான் இருக்கும். அங்கே குடம் வைத்துக் காத்திருந்தவர் எதிர்வீட்டம்மா.

மாமியார் யாரிடமும் இறங்கிப் போய் நான் பார்த்ததில்லை. அன்று போனார். நான் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, தண்ணி வந்தா ஒரு கொரல் குடுக்கறியா?"

எதிர்வீட்டம்மா குடத்தை நகர்த்திக்கொண்டே, "கொரலுக்கும் மீட்டர் வெச்சிட்டா இன்னாக்கா பண்றது?" என்றார்.

மாமியார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நான் பேசினது தப்புதான். வந்து உன் ரெண்டு குடத்தையும் நம்ம வீட்லயே புடிச்சிக்க."

"வேணாம்பா. அப்புறம் என் வயித்தைத் தட்டிப் பார்ப்ப." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் மறுநாள் காலையில், "யக்கா! வந்துடுச்சி, ஜல்தி தொற!" என்ற கூச்சல் எங்கள் அடுப்படிக்கே கேட்டது.

அன்று பருப்பு வெந்தது. குமாஸ்தா போய்ச் சொன்னதில் வாத்தியாரும் திரும்பி வந்தார். கெடு முடிவதற்கு முன்னால் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போய் ஐந்து ரூபாய் கட்டினார். குழாயை அறுக்கவில்லை. ரசீதை வாங்கி நானும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வராத தண்ணீருக்குக் கட்டிய பணம் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. அடியில் மட்டும் சிவப்பு மசியில் போட்டிருந்தது: பாக்கி ரூ. 4-6-0.