கேட்டுக்கு வெளியே பன்னிரண்டு ராசி

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. இப்படிச் சொல்கிற எல்லோரையும் போல நானும் பல் தேய்ப்பதற்கு முன்பே ராசிபலன் பார்த்துவிடுவேன். புதுச்சேரியில், சாரத்தில், எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவோரம் நகைக்கடையில் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. நேற்றைய தாளைக் கிழித்தால் இன்றைய தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு வார்த்தை இருக்கும். நான் துலாம். எங்கள் தெருக் கோடியில் ஒரு சொல்தா இருக்கிறார், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவரும் துலாம்தான். ஒரே ராசி, ஒரே தெரு. அவருக்கு மாசம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. எனக்கு வாய்க்காலிலிருந்து கொசு வருகிறது.

அந்த வார்த்தையை உரக்கப் படித்து மனைவியை வம்புக்கு இழுப்பது என் காலைப் பழக்கம்.

“துலாத்துக்கு கீர்த்தின்னு போட்டுருக்கு, பாத்தியா?”

“கீர்த்தி வர்றதுக்குள்ள போயி பால் பாக்கெட் வாங்கியாந்துடுங்க.”

அதோடு முடிந்துவிடும் அந்த விளையாட்டு. கம்பெனியில் லே-ஆஃப் விடும் வரைக்கும்.

சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் எனக்குப் பதினெட்டு வருஷம். ஆர்டர் இல்லை என்று ஒரு நாள் மிஷின்களை நிறுத்தினார்கள். திரும்ப ஓடும் வரை பாதிச் சம்பளம். அதற்கு ஒரு நிபந்தனை: தினமும் காலையில் கேட்டுக்கு வந்து, வாட்ச்மேன் ரூமில் இருக்கும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். வராத நாளுக்கு ஒன்றுமில்லை. ஆக, வேலை இல்லை என்பதை நிரூபிக்கத் தினமும் வேலைக்குப் போனோம். வேலை இருந்த காலத்தில் வாரத்துக்கு ரெண்டு நாள் லேட்டாகப் போய்த் திட்டு வாங்கியவன் நான். இப்போது பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நின்றேன்.

கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டதால் என் ஸ்கூட்டரில் பின்னால் பாய் வருவார். டவுன்காரர், என்னைவிடப் பத்து வயசு பெரியவர். ஒட்டும் மிஷினில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். மிஷின் கோளாறு செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்பார், டாக்டர் மாதிரி.

வாட்ச்மேன் ரூமிலும் ஒரு தினசரி காலண்டர் உண்டு. கையெழுத்துப் போட்டபின் உடனே வீட்டுக்குப் போக யாருக்கும் மனசு வராது. வீட்டுக்குப் போய் என்ன செய்வது? அதனால் நான் ரேடியோ செய்தி மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு பன்னிரண்டு ராசிக்கும் படிப்பேன். நாற்பது பேர் கேட்டுச் சிரிப்பார்கள். முதல் நாளே பாய் கையைத் தூக்கினார்.

“எனக்கு?”

“பாய், உங்களுக்கு ஏது ராசி?”

“அதான் கேக்குறேன். இல்லாதவனுக்கு ஒன்ன ஒதுக்குங்கய்யா. பன்னெண்டுல எது நல்லாருக்கு இன்னைக்கு?”

“மகரம், லாபம்.”

“அது எனக்கு. நாளைக்கு வேற பாத்துக்குறேன்.”

மகர ராசிக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார், தன் லாபத்தில் பாய் பங்கு கேட்கிறார் என்று. அதிலிருந்து தினமும் பாய் வந்து, நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வார். “இத நம்புறது எங்களுக்குத் தப்பு தம்பி. சிரிக்கிறதுக்குத் தடை ஒன்னும் இல்ல” என்று ஸ்கூட்டரில் பின்னாலிருந்து சொன்னார்.

எனக்குத்தான் தொந்தரவு. நகைக்கடைக் காலண்டரும் வாட்ச்மேன் காலண்டரும் ஒத்துப்போகாது. வீட்டில் சுகம் என்று புறப்படுவேன், கேட்டில் கவலை என்றிருக்கும். சாரத்துக்கும் சேதராப்பட்டுக்கும் நடுவில் எந்த சிக்னலில் என் கிரகம் இறங்கிக்கொள்கிறது என்று கடைசிவரை தெரியவில்லை.

மாசம் போகப் போக நாற்பது பேர் இருபது ஆனோம், பிறகு ஒன்பது. மற்றவர்கள் தட்டாஞ்சாவடி கம்பெனிகளில், கட்டட வேலையில், கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். மிச்சம் நின்றவர்கள் வயசானவர்கள், அல்லது என்னைப் போல வேறு எதுவும் தெரியாதவர்கள். சிரிப்பும் குறைந்தது. நான் குரலை மாற்றிப் படித்தால், “ஒழுங்கா படிய்யா” என்றார்கள். அப்போதுதான் என் மண்டையில் அந்த யோசனை உதித்தது.

“நம்ம ராசியப் பாத்து என்னா ஆவப்போவுது? கம்பெனிக்கு என்னா ராசின்னு பாப்போம்.”

கேட்டுக்கு உள்ளே, பிள்ளையார் பக்கத்தில், திறப்பு விழாக் கல்வெட்டு இருந்தது. தேதி இருந்தது, நேரமும் பொறித்திருந்தார்கள். ஒருவர் செல்போனில் தட்டிப் பார்த்தார். கம்பெனி விருச்சிக ராசி. குழந்தைக்குப் பெயர் வைத்த மாதிரி எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். அன்றிலிருந்து மற்ற பதினொன்றும் தள்ளுபடி. காலையில் வந்ததும் விருச்சிகம் என்ன என்பதுதான் கேள்வி. ‘தாமதம்’ என்றால் முகங்கள் தொங்கும். ‘முயற்சி’ என்றால், முதலாளி ஏதோ பண்ணுகிறார் என்று பேசிக்கொள்வார்கள். பாய்கூட நல்ல ராசி எடுப்பதை விட்டுவிட்டு, “கம்பெனிக்கு என்னா தம்பி?” என்று கேட்க ஆரம்பித்தார். சிரிப்பதற்காகத் தொடங்கியது எந்த இடத்தில் நம்பிக்கையாகிப்போனது என்று யாரும் கவனிக்கவில்லை. ஜோசியத்தில் நம்பிக்கை இல்லாத நான் முதல் ஆளாக நம்பினேன்.

ஒரு திங்கட்கிழமை விருச்சிகத்துக்கு ‘வரவு’ என்றிருந்தது.

நான் படித்து முடிக்கவும் வாட்ச்மேன் செல்போனைக் காதிலிருந்து எடுக்கவும் சரியாக இருந்தது. “மேனேஜரு பேசுனாரு. லாரி வருதாம், உள்ள உடச் சொல்றாரு” என்றார்.

லாரி என்றால் பேப்பர் ரீல். ரீல் வந்தால் ஆர்டர் வந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் ரெண்டு லாரி வந்தது, பின்னாடியே ஒரு ஹைட்ரா கிரேன். ரீல் ஒவ்வொன்றும் யானைக் குட்டி கனம், இறக்கக் கிரேன் வேண்டும்தானே. தார்ப்பாய் மூடி இருந்ததால் உள்ளே என்ன என்று எவனும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டை நாங்களே தள்ளித் திறந்தோம். நான் லாரிக்குப் பின்னால் ஓடி, “வா வா வா… ரைட்டு ஒடி… இன்னும் வா” என்று ரிவர்ஸ் பார்த்து ஷெட் வாசலில் கச்சிதமாக நிறுத்தினேன். பதினெட்டு வருஷத்தில் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை வேறு இல்லை.

டிரைவர் இறங்கித் தார்ப்பாயை விலக்கினார். லாரி காலி.

“எதை மொதல்ல ஏத்துறது?” என்று கிரேன்காரர் என்னைக் கேட்டார். ரிவர்ஸ் பார்த்த ஜோரில் என்னை சூப்பர்வைசர் என்று நினைத்துவிட்டார்.

மிஷின்களை எடுத்துப் போக வந்திருக்கிறார்கள். எங்கே என்று டிரைவருக்கே சரியாகத் தெரியவில்லை, வடக்கே எங்கோ என்றார். எங்களில் ஒருவர் கேட்டில் போய்ப் படுத்துக்கொள்வோம் என்றார். ஒன்பது பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். யாரும் படுக்கவில்லை.

ஒட்டும் மிஷினுக்குக் கிரேன் பெல்ட் மாட்டினார்கள். பாய் ஷெட்டுக்குள் போனார். தடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

“இந்தப் பக்கம் மாட்டாதப்பா. இடது கால்ல வெல்டிங் வச்சிருக்கு, தூக்குனா உட்டுரும். அடியில குடுத்துத் தூக்கு.”

அவர் சொன்னபடியே செய்தார்கள். மிஷின் ஒரு கீறல் இல்லாமல் ஏறியது. பாய் லாரியை ஒரு சுற்றுச் சுற்றிக் கயிறுகளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் நான் ஏதாவது தமாஷ் சொல்லியாக வேண்டும் என்று தேடினேன். “வரவுன்னு போட்டது வந்துடுச்சு பாய், காலண்டர் மேல தப்பு சொல்ல முடியாது” என்றேன். சாரம் வந்ததும் பாய் இறங்கி, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் ரிஜிஸ்டரை எடுத்துப் போய்விட்டார்கள். கம்பெனியை மூடிவிட்டதாகக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

இப்போது நான் ஒரு ஜவுளிக் கடை வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவைக்கும் வேலையில் இருக்கிறேன். ரிவர்ஸ் பார்ப்பதில் அனுபவம் உண்டு என்று சொல்லித்தான் சேர்ந்தேன். பாய்க்கு ஒன்றும் அமையவில்லை. காலையில் சில நாள் போன் பண்ணுவார். நான் பன்னிரண்டையும் படிப்பேன். முன்பு போல அவர் தேர்ந்தெடுப்பதில்லை. “எதாவது ஒன்னு நீயே குடு தம்பி” என்பார். நான் குடுப்பேன். நல்ல வார்த்தை இல்லாத நாளில் நானே ஒன்றைச் செய்து குடுப்பேன். அவருக்கும் அது தெரியும்.

காலண்டர் தாளைக் கிழித்ததும் கண் இன்னும் துலாத்துக்குப் போவதில்லை, அதற்கு அடுத்ததற்குத்தான் போகிறது. இன்றைக்கு விருச்சிகம், சுகம் என்று போட்டிருக்கிறது.

“என்னா போட்டுருக்கு?” என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

“கம்பெனி நல்லாருக்காம்” என்றேன்.