அண்ணே என்று கூப்பிட்ட பிள்ளை

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நான் வழக்கமாகச் சாப்பிடும் நாசி கண்டார் சோற்றுக் கடையில் பரிமாறுகிறவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூடுதல் இருக்கும். அவரை நான் அண்ணே என்பேன். அவரும் என்னை அண்ணே என்பார். "அண்ணே, குழம்பு பஞ்சிர்லா" என்றால் சோறு வெள்ளத்தில் மூழ்கும்வரை ஊற்றிவிட்டு, "போதுமா அண்ணே?" என்று கேட்பார். எங்களில் யார் மூத்தவர் என்பது இன்னும் முடிவாகவில்லை. பினாங்கில் அப்படித்தான். பேருந்து ஓட்டுநர், பல் வைத்தியர், எதிர்வீட்டுக்காரர், எல்லாரும் அண்ணே. இதே சொல்லைக் கடல் தாண்டிப் போய் ஓர் ஐந்து வயதுப் பிள்ளையின் வாயில் போட்டுவிட்டு வந்தவன் நான்.

எங்களுக்குத் திருமணமாகிப் பதினாறு வருடம். பிள்ளையில்லை. மருத்துவமனைக் கதைகளை எழுதினால் என் மனைவி இந்தத் தாளைக் கிழித்துப்போடுவாள், எனவே அதை விட்டுவிடுகிறேன். தத்தெடுக்க இங்கே பதிந்துவைத்துக் காத்திருந்ததில் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், தமிழ்நாட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லத்துக்கு மனுப் போட்டோம். இரண்டு வருடம் காகிதமாகவே ஓடியது. நான் எந்தக் குற்றமும் செய்ததில்லை என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ் இப்போதும் அலமாரியில் இருக்கிறது. என் மாமியார் மட்டும் அதை வாங்கி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒருவழியாக அழைப்பு வந்தது. பிறை என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் விடுப்புச் சொல்லிவிட்டு, இருவரும் திருச்சிக்குப் பறந்தோம். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கென்று சொல்லப்பட்டவள் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். முட்டையின் வெள்ளையைத் தின்றுவிட்டு, மஞ்சள் கருவை யாருக்கும் தெரியாமல் கவுன் பைக்குள் வைத்தாள். நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்துவிட்டாள். உதட்டில் விரல் வைத்து எனக்குக் கட்டளையிட்டாள். அந்த நிமிடமே நான் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

இல்லத்துச் சிஸ்டர் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார். "தத்து ஆர்டர் கைக்கு வர்றவரைக்கும் அப்பா, அம்மான்னு பழக்காதீங்க சார். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா பிள்ளை தாங்காது. அங்கிள்னு கூப்பிடட்டும்."

"அங்கிள்னா வயசான மாதிரி இருக்கே சிஸ்டர். எங்க ஊர்ல எல்லாருமே அண்ணேதான்" என்றேன்.

பிள்ளை என் வழுக்கையை அண்ணாந்து பார்த்தாள். "இவரு அண்ணனா? முடியே இல்ல?"

"முடி அடுத்த ஃப்ளைட்ல வருதும்மா."

அதை அவள் நம்பினாள். மறுநாள் காலையில் ஓடிவந்து என்னைக் குனியச் சொன்னாள். தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் வரல அண்ணே" என்று ஆறுதலாகச் சொன்னாள்.

ஐந்து நாள் இருந்தோம். என் மனைவி எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தலைவாரிவிட்டாள், பேன் பார்த்தாள். மூன்றாம் நாள் பிள்ளை தானாகவே அவளை அம்மா என்றாள். அங்கே பெரிய பெண்கள் எல்லாருமே அம்மாதான் என்பதால் சிஸ்டரும் காதில் விழாததுபோல இருந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க இன்னும் நாலு பொய் சொல்லிப் பிள்ளையைச் சிரிக்கவைத்தேன்.

பினாங்குக்குத் திரும்பியதும், பிள்ளைக்கென்று ஒதுக்கிய நடு அறையிலிருந்து என் தூண்டில்கள் வெளியேற்றப்பட்டன. சனிக்கிழமை தோறும் காணொளி அழைப்பு. "முடி வந்துடுச்சா அண்ணே?" என்றுதான் அவள் ஆரம்பிப்பாள். வழியில் மழை, விமானம் பழுது, முடிக்கு பாஸ்போர்ட் கிடைக்கவில்லை என்று வாரம் ஒரு காரணம் சொல்லிவந்தேன்.

சில வாரம் கழித்து, தத்து விஷயமாக விசாரிக்க அதிகாரி ஒருவர் இல்லத்துக்கே வந்து, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காணொளியில் எங்களுடன் பேசுவார் என்று சிஸ்டர் சொன்னார். "அவங்க பிள்ளைகிட்ட கேப்பாங்க, இனிமே அப்பான்னு சொல்லிக்கொடுக்கலாம் சார்" என்றும் சொன்னார்.

"கேட்டீங்கல்ல? இந்த சனிக்கிழமையே சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"போன்லயா? நேர்ல போய்க் கேட்டுக்கிறேன். முதல் தடவை சொல்லும்போது நான் அங்க இருக்கணும்லா."

"உங்களுக்கு எல்லாத்துலயும் விளையாட்டு."

அது மட்டும் விளையாட்டில்லை. ஆனால் நான் சொன்னால் யார் நம்புவார்கள்.

பேட்டி நாளன்று மேலே சட்டை, டை, கீழே கைலி என்று உட்கார்ந்தேன். திரையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார். பக்கத்தில் இரட்டைச் சடையுடன் எங்கள் பிள்ளை. வீடு, வேலை, சம்பளம் என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அவர் பிள்ளையிடம் திரும்பினார்.

"இது யாரும்மா?"

"அம்மா."

"பக்கத்துல இருக்கறவரு?"

"அண்ணே. மலேசியா அண்ணே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அப்போ அப்பா எங்கம்மா?"

பிள்ளை திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள். எங்கள் இருவருக்கும் பின்னால், கதவுப் பக்கம் தேடினாள். "அப்பா இன்னும் வரல" என்றாள்.

இத்தனை வாரமாக அவள் அம்மாவோடும் அண்ணனோடும் பேசிக்கொண்டு, அப்பா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான்தாம்மா அப்பா" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதிகாரியின் கையைப் பிடித்து உலுக்கி, "பொய் சொல்றாரு! இவரு எப்பவும் பொய்தான் சொல்வாரு" என்றாள். அம்மையார் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். மனைவி மேசைக்கடியில் என் கையைப் பிடித்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் கூப்பிட்டார். உள்ளூரிலேயே ஒரு குடும்பம் கிடைத்துவிட்டதாம். விதிப்படி அவர்களுக்குத்தான் முதலிடமாம். "அன்னிக்குப் பிள்ளை சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நம்புகிறேன் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அப்பா வந்துட்டாரா சிஸ்டர்?"

"நேத்து வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு சார்."

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"அந்த மனுசன் எப்படியாம்?"

"கேக்கல."

"கேளுங்க."

"அதெல்லாம் எப்படிக் கேக்கறது? சொல்ல மாட்டாங்க."

"கேளுங்கன்னா."

மறுபடி அழைத்தேன். சிஸ்டர்தான் எடுத்தார். பேர், ஊர் எதுவும் சொல்லக்கூடாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு விஷயம் சொன்னார். அதை அப்படியே மனைவியிடம் ஒப்பித்தேன்.

"சாதுவாம். அதிகம் பேசமாட்டாராம்."

"நல்லது" என்றாள்.