சத்தமே இல்லாத கியர்

ஊசியக்காவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அறைபடாது. உட்கார்ந்து துணி மடிப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் மடித்த துணி ஒரு பெரிய பெட்டியை நிரப்பிவிட்டு இரண்டாவது பெட்டியில் பாதிக்கு வந்திருந்தது. மறுநாள் காலையில் ரயில். வேறு ஊரில் பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடம், தலைமைப் பொறுப்பு, தங்குவதற்கு அறையும் தருகிறார்கள். போனால் திரும்பி வரும் எண்ணம் அவளுக்கு இல்லை. அது அவளுடைய தங்கைக்கு மட்டும்தான் தெரியும்.

ஊசி ஏறியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள், அதனால் ஊசியக்கா. அவள் கை பட்டால் கைக்குழந்தைகூட ஒரு சிணுங்கலோடு நிறுத்திக்கொள்ளும். ஊரார் உடம்பையெல்லாம் அப்படித் தொட்டுப் பார்த்தவளுக்கு வீட்டுக்குள் சுவரோடு பேசுகிற குடித்தனம். இரண்டு வருஷமாகப் புருஷன் அவள் கூப்பிட்டால் ஏனென்று கேட்பதில்லை.

அவர் ஆயத்த ஆடை ஆலையில் தையல் மெஷின் மெக்கானிக். ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் மெஷினில் வைப்பார், பிடியைக் காதில் வைப்பார், எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஆலையில் அவருக்கு ஸ்டெதஸ்கோப் என்றே பெயர். கல்யாணமான புதிதில் படுக்கையில் படுத்தபடியே மின்விசிறியைக் கேட்டுவிட்டு, "இது ரொம்ப நாள் தாங்காதும்மா" என்றார். அந்த வாரமே அது நின்றது. இப்படி ஒரு காதா என்று அன்றைக்கு அவள் அசந்துபோனாள். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொருத்தி இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய பந்தய சைக்கிள். மெல்லிய டயர், இரும்புக் குழாய் ஃபிரேம், வளைந்த ஹேண்டில்பார். ஊசியக்கா அதற்கு வைத்த பெயர் மூத்தவள். "உங்க மூத்தவளுக்கு எண்ணெய் போட்டாச்சா? இனி இளையவளுக்கு ஒரு டீ போடுங்க" என்பாள். அந்தக் காலத்தில் அவரும் சிரித்துக்கொண்டே எழுந்துபோய் டீ போடுவார்.

மூத்தவளின் கியர் லீவர்கள் ஃபிரேமின் சாய்ந்த குழாயில் இருந்தன. க்ளிக் எதுவும் கிடையாது. லீவரைத் தள்ளினால் செயின் அடுத்த பல்சக்கரத்துக்குப் போய்க் கரகரக்கும். அந்தக் கரகரப்பு அடங்கும்வரை நூலளவு நகர்த்த வேண்டும். அவர் மூச்சு விடுகிற மாதிரி அதைச் செய்வார். பிரேக் பிடியிலேயே கியர் வைத்த புதுச் சைக்கிள்காரர்களைக் கண்டால் ஒரே கிண்டல்: "காது இருக்குறவனுக்கு க்ளிக் எதுக்குப்பா?"

அந்த மனிதர்தான் இப்போது தானே போய் அந்த க்ளிக் கியரை வாங்கி வந்திருந்தார்! பழைய லீவர் தேய்ந்துவிட்டதாம், ஏற்றத்தில் செயின் தாவுகிறதாம். தாவியது உண்மைதான். போன மாதம் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தார். காயத்தைக் கழுவிவிட்டவள் அவள்தானே. கழுவும்போது, வீட்டு மனுஷி பேச்சைக் கேட்காவிட்டால் இப்படித்தான் என்று முனகினாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

எல்லாரிடமும் அப்படியா என்றால் அதுவும் இல்லை. அதுதானே எரிச்சல்! கீழே வாசலில் இருந்து வாட்ச்மேன் தன் கட்டைக் குரலில் "சார்" என்றால் மூன்றாவது மாடியில் இவர் எழுந்து ஜன்னலுக்குப் போவார். கூட்டாளிகள் போனில் பேசினால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அவள் சமையலறையில் இருந்து தொண்டை வற்றக் கூப்பிட்டால் மட்டும் மூச்சு காட்ட மாட்டார். நேருக்கு நேர் நின்று, "நான் கூப்பிட்டா ஏன் பதில் பேச மாட்டேங்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "நீ எப்பக் கூப்பிட்ட?" என்றாரே பார்க்கலாம்! அந்த நெஞ்சழுத்தத்தை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

"வேணும்னே பண்றாருக்கா. ஆம்பளைங்க பேச்சுன்னா மட்டும் இனிக்குது" என்று தங்கை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வேலை கிடைத்த சேதியைக்கூட அவள் மறைக்கவில்லை. கூடத்தில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். க்ளிக் கியரோடு வந்த புதுச் சக்கரம் பழைய ஃபிரேமுக்குள் நுழையவில்லையென்று, சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு பின்கால்களையும் ஒரு திருகுக் கம்பி வைத்து மெல்ல மெல்ல விரித்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. நான் போகட்டுமா, வேணாமா?" என்று வாசற்படியில் நின்று கேட்டாள். அவர் திருகைத் திருகினார். வேறொரு நாள் அதே இடத்தில் நின்று மறுபடியும் கேட்டாள். அதற்கும் திருகைத்தான் திருகினார். சரி, போ என்றுதான் அர்த்தம் என்று அவள் பெட்டியை இறக்கிவிட்டாள்.

மதியம் சாய்கிற நேரத்தில் கூடத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கிய மாதிரி. இன்னும் சரிபண்ணி முடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் மடிப்பைத் தொடர்ந்தாள். சத்தம் நிற்கவில்லை. கடைசி நாளிலாவது நிம்மதியாக இருக்க விட மாட்டாரா என்று எழுந்து போனாள்.

மூத்தவள் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவர் கையால் பெடலைச் சுற்ற, செயின் பக்கத்துப் பல்லில் உரசி உரசிக் கத்தியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தியா? சத்தமே இல்ல! பட்டு மாதிரி ஓடுது!"

கிண்டல் பண்ணுகிறாரா? அவர் சிரிப்பார் என்று காத்திருந்தாள். அவர் மறுபடி பெடலைச் சுற்றினார், தலையை ஒருபக்கம் சாய்த்து ரசித்தார். மூத்தவள் விஷயத்தில் அவர் விளையாட மாட்டார். ஊசியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் குனிந்து ஸ்க்ரூவைத் தேடப் போனதும் அவள் பின்னால் நின்று கூப்பிட்டாள். "ஏங்க."

அசைவில்லை.

"ஏங்க!"

ஊஹூம்.

"உங்க சைக்கிளைப் பழைய இரும்புக் கடைக்குப் பேசி முடிச்சிட்டேன். சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போறாங்க."

மனிதர் நிதானமாக ஸ்க்ரூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு ஏதோ தோன்றி, தாடையை இறக்கி, அடித்தொண்டையில் வாட்ச்மேன் மாதிரியே கூப்பிட்டாள். "சார்!"

அவர் சட்டென்று எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே எட்டிப் பார்த்தார். "கூப்பிட்டானே, ஆளைக் காணோம்" என்று முணுமுணுத்தார்.

அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை. அவள் வேலை செய்கிற பரிசோதனைக் கூடத்துக்கு அடுத்த அறையில் காது டாக்டர் இருக்கிறார். "ஆம்பளைங்க பேசினா புரியுது டாக்டர், வீட்டுல பொம்பளைங்க பேசினாத்தான் புரியல" என்று எத்தனை பேர் அங்கே சொல்லி அவளே கேட்டிருக்கிறாள்! கீச்சுக் குரலும் மெல்லிய சத்தமும்தான் முதலில் போகும் என்று அவளே எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறாள்! காலமெல்லாம் தையல் மெஷின் இரைச்சலில் நின்ற மனுஷன். பாவி, ஊருக்கெல்லாம் தெரிந்தது உன் வீட்டில் மட்டும் ஏன்டி தெரியவில்லை என்று தன் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அவள் அவர் எதிரில் போய் நின்றாள். அதே கட்டைக் குரலில் கேட்டாள்.

"நான் போகட்டுமா, வேணாமா?"

"எங்க போற?" என்றார் அவர்.

அவள் படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினாள். திறந்த கதவு வழியாக இரண்டு பெட்டிகளும் தெரிந்தன. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன இது? எதுக்குப் பெட்டி?"

"வேற ஊர்ல வேலை. நாளைக்கு ரயில். ரெண்டு தடவை கேட்டேன். இதே வாசல்ல நின்னு கேட்டேன்."

"சத்தியமா நீ கேக்கல! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல!" கோபத்தில் அவருக்கு உதடு துடித்தது. "எனக்கென்ன காது இல்லையா?"

அவள் அவர் கையைப் பிடித்து மூத்தவளின் பின்காலில், பல்சக்கரத்தை ஒட்டி வைத்தாள். மறு கையால் பெடலைச் சுற்றினாள்.

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு தானே திரும்ப வைத்தார். சுற்றச் சொன்னார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து நுனியை ஃபிரேமில் ஊன்றிப் பிடியைக் காதில் அழுத்தினார். இன்னொரு காதுக்கு மாற்றினார். மறுபடியும் உள்ளங்கையை வைத்தார்.

"கையில அப்படி அடிக்குதே," என்றார். "இவ்வளவு சத்தமா போடுது?"

"கீழ வாட்ச்மேனுக்கே கேக்கும்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பேயறைந்த முகத்தோடு கிரீஸ் படிந்த கைகளையே பார்த்தார். அப்படியானால் லீவர் தேயவில்லை, கரகரப்பு காதில் விழாமல்தான் செயின் தாவியிருக்கிறது. ஆலையில் சரி என்று அவர் கைகாட்டிய மெஷின்களில் எத்தனை சரியில்லையோ. இதெல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்துபோனதை அவள் பார்த்தாள். கடைசியில் அவர் தலை நிமிர்ந்தபோது கேட்டது வேறு.

"அப்ப, நீ கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"போகாத!" அந்தக் கட்டடமே அதிரக் கத்தினார். "நீ போகாதம்மா!"

"கத்தாதீங்க. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளைக்கு ரயில் அதுபாட்டுக்குப் போகட்டும். நாம காது டாக்டர்கிட்ட போறோம்."

அவர் கேட்டாரா, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாரா, தெரியவில்லை. நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். கிரீஸ் துணி விரித்த தரையில் அவளும் உட்கார்ந்தாள்.

"நான் பதில் சொல்லாம விட்டதெல்லாம் சொல்லு. முதல்லேருந்து சொல்லு."

"அது கெடக்கு ஒரு வண்டி."

"பரவால்ல, சொல்லு."

ஊசியக்கா யோசித்தாள். பிறகு தாடையை இறக்கி, வாட்ச்மேன் குரலில் ஆரம்பித்தாள். "முதல்ல ஒரு நாள் பால்கனியில நின்னு கூப்பிட்டேன். நல்ல மழை. வாங்க, சேர்ந்து பாக்கலாம்னு."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வரல," என்றாள்.