எண்ணூர்க் கழிமுகத்தில் வெந்நீர்

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்க் கழிமுகத்தில் முகம் கழுவத் தண்ணீரில் கையை விடுகிறேன். உடனே இழுத்துக்கொள்கிறேன். குளிக்க விளாவிய வெந்நீர் போலச் சுடுகிறது. அந்தத் தண்ணீரில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு பெண், ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார். கரையேறிப் பறியைக் காட்டுகிறார். நாலே இறால்.

"கரண்டு எடுக்கற எடத்துலேந்து வுடுற தண்ணி நைனா. கீழ பூரா சாம்பல். வெரலு மரத்துப் போச்சு, எறா தட்டுனாலும் தெர்ல."

விரல் நுனிகளில் தோல் உரிந்து வெளுத்திருக்கிறது.

கரையோரம் அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் ஓரிடத்தில் விரிசல் விட்டு, சாம்பல் கலந்த நீரைக் கழிமுகத்தில் பீய்ச்சுகிறது. அவர் ஒரு பழைய புடவையை எடுத்து அந்த இடத்தில் சுற்றுகிறார்.

"அவுங்க கிட்ட சொன்னா வந்து அடைக்கறதுக்கு வாரமாவும். இன்னா பாத்துகினு கீற? வெக்கப்படாத, இழுத்துப் புடி!"

பிடிக்கிறேன். முடிச்சு இறுகியதும் பீய்ச்சல் சொட்டாகக் குறைகிறது. நாங்கள் மூச்சு விடுவதற்குள், பத்தடி தள்ளி இன்னொரு இடத்தில் பீறிடுகிறது. அவர் பார்வை என் தோளில் கிடக்கும் துண்டுக்கு வருகிறது. எடுத்துக் கொடுக்கிறேன்.

ஒருவழியாக எழுதி முடித்தது 14.9.2003.